படிக்க மட்டும்

மே 6

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் அவனும் நலமா? போனில் கேட்கலாமே என்பாய். போனில் உன் புருஷன் நடுவில் புகுந்து, "அம்மா, சுருக்கமா சொல்லு" என்பான். இது சுருக்கமாகச் சொல்கிற விஷயம் இல்லை.

எங்கள் இரத்த வங்கியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எந்தப் பை எந்த குரூப், யார் சோதித்தது, எந்த நோயாளிக்குப் போயிற்று, எல்லாம் அதற்குள்தான். திங்கட்கிழமை காலை அதற்கு என்ன வந்ததோ, பழையதையெல்லாம் அழகாகக் காட்டுகிறது, புதிதாக எதையும் பதிய மாட்டேன் என்கிறது. கல்யாணத்துக்கு வந்துவிட்டுக் கை நனைக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் சம்பந்தி மாதிரி.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ரீஸ்டார்ட்'. வயிற்று வலி என்று போனாலும் ஒருமுறை அணைத்துப் போடச் சொல்கிற ஆசாமி. வந்தார், அணைத்துப் போட்டார், சரியாயிற்று. இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கதை. இனிமேல் தவறு கண்ணில் பட்டாலும் நிற்காமல் ஓடும்படி அமைத்துவிடலாம், இரத்த வங்கித் தலைவி என்ற முறையில் நீங்கள் சரி என்று சொன்னால் போதும் என்கிறார். பெரிய டாக்டருக்கும் அதுதான் ஆசை. நானும் சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்த பிறகுதான் உன் ஞாபகம் வந்தது.

கல்யாணமான புதிதில் நீ சொன்னாய், நீ எழுதுவது ஆட்கள் பார்க்கிற புரோகிராம் இல்லை, அதற்கும் அடியில் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் டிஸ்கைக் கவனித்துக்கொள்கிற பகுதி என்று. அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்த மாதிரி தலையாட்டினேன். இன்றைக்குக் கேட்கிறேன். அது ஏன் நின்றது? நிற்கிற உரிமையை அதற்கு யார் கொடுத்தது? நீயா? தப்பான பை ஒன்று வெளியே போனால் ஒரு உயிர் போய்விடும். உன் பதில் வரும்வரை நான் சரி என்று சொல்லப் போவதில்லை.

அவனைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தை


மே 19

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், மாடிப்படியோடு சமாதானமாகப் போங்கள்.

உரிமை கொடுத்தது நானேதான். நான் மட்டும் இல்லை, எங்கள் கும்பலே பொறுப்பு. டிஸ்க் என்பது எண் போட்ட சின்னச் சின்னப் பெட்டிகள் நிறைந்த ஒரு பெரிய அறை என்று வையுங்கள். எந்தப் பெட்டி எந்த ஃபைலுக்குச் சொந்தம் என்று ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு கணக்கு வைத்திருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரே பெட்டியை இரண்டு ஃபைல்கள் 'என்னுடையது' என்று சொந்தம் கொண்டாடியிருக்கும். எது உண்மை என்று அதற்குத் தெரியாது. அந்த நேரத்தில் அது மூன்றில் ஒன்றைச் செய்யலாம். ஒன்றும் நடக்காதது போல் ஓடலாம். எழுதுவதை நிறுத்திவிட்டு, இருப்பதைப் படிக்க மட்டும் விடலாம். அல்லது ஒரேயடியாக மொத்த இயந்திரமும் நின்றுவிடலாம்.

யாரும் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் இயந்திரம் இதில் எதைச் செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்குள் வருஷக் கணக்காகச் சண்டை. தாடி என்று ஒருவர் இருக்கிறார், சந்தேகம் வந்த நொடியே மொத்தமாக நின்றுவிட வேண்டும் என்பார். இன்னொருவர் சிடுமூஞ்சி, வாடிக்கையாளர்தான் முக்கியம், எப்பாடு பட்டாவது ஓட வேண்டும் என்பார். நான் நடுவில், படிக்க மட்டும் விடுவோம் என்கிற கட்சி. உங்களுடையது செய்தது அதைத்தான். வரும் செப்டம்பரில் இதைப் பற்றி மறுபடி பேசித் தீர்மானிக்கப் போகிறோம். உங்கள் கதை எனக்கு உதவும், எல்லாவற்றையும் எழுதுங்கள். ஓடவிடச் சம்மதிக்க மட்டும் வேண்டாம்.

வீட்டுத் தபால்பெட்டியின் பூட்டு கெட்டுவிட்டது. ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுங்கள், கீழே கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மருமகள்


ஜூன் 2

அன்பு மருமகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் இப்போது முணுமுணுப்போடு நிறுத்திக்கொள்கிறது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன், சாப்பாடு ஆறிவிட்டது. எங்களிடமும் இதே சட்டம்தான். பையின் லேபிளில் ஒரு எழுத்து அழிந்திருந்தாலும் அந்தப் பை போகாது. உள்ளே இருப்பது நல்ல இரத்தமாகவே இருக்கலாம், இருந்தாலும் கொட்டித்தான் ஆக வேண்டும். அதனால் உன் கட்சி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். எது யாருடையது என்று சொல்கிற கணக்கே கெட்டுவிட்டால், கெட்டுவிட்டது என்று அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? கணக்கு அப்படியே கிடக்க, பெட்டிக்குள் இருப்பது மட்டும் கெட்டுப்போனால்? அப்போதும் கண்டுபிடிக்குமா?

இன்னொன்று. ரீஸ்டார்ட் நேற்று ஏதோ பழுதுபார்க்கும் புரோகிராமை ஓட்டினார். அது வரிசையாகக் கேள்வி கேட்டது, இவர் எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று அழுத்திக்கொண்டே டீ குடித்தார். என்ன கேட்கிறது என்று விசாரித்தேன். "யாருக்கு மேடம் தெரியும், ஆமான்னு சொன்னா சீக்கிரம் முடியும்" என்றார்.

அவன் ஞாயிறு பேசினான். உன்னிடம் கொடு என்றால் வேலையாக இருக்கிறாள் என்கிறான். போன ஞாயிறும் வேலை, அதற்கு முந்தின ஞாயிறும் வேலை. அப்படி என்னடி வேலை? அதிகம் அலட்டிக்கொள்ளாதே.

உன் அத்தை


ஜூன் 25

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். நாங்கள் இருவரும் நலம்.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியைக் கேட்டுத் தாடி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கண்டுபிடிக்காது என்பதுதான் பதில். உங்களுடையது மாதிரி பழைய அமைப்புகள் கணக்கை மட்டும்தான் சரிபார்க்கும், பெட்டிக்குள் இருக்கும் சாமானைப் பார்க்காது. புதிய அமைப்புகள் சில சாமானையும் ஒரு முத்திரை வைத்துச் சரிபார்க்கின்றன. உங்களை இங்கே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார், சம்பளம் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம் ஆமாம் என்று அழுத்துவது பெரிய ஆபத்து, அத்தை. பழுதுபார்க்கும் புரோகிராமுக்கு உங்கள் பைகளைப் பற்றி எதுவும் தெரியாது. கணக்கு நேரானால் போதும் அதற்கு. ஒரு பெட்டிக்கு இரண்டு பேர் சண்டை போட்டால் ஒருவரைத் துரத்திவிட்டுக் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லும். யாருக்குச் சொந்தம் என்று தெரியாததை எல்லாம் வெறும் எண்ணைப் பெயராக வைத்து ஒரு மூலையில் குவித்துவிடும். அந்த மூலையில் எங்காவது ஒருவருடைய இரத்த குரூப் கிடக்கலாம். முதலில் டிஸ்க் முழுவதையும் இன்னொன்றில் நகல் எடுக்கச் சொல்லுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் நகலில்தான்.

வேலை அதிகம்தான். வேறு ஒன்றுமில்லை.

உங்கள் மருமகள்


ஜூலை 10

அன்பு மருமகளுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன், ஆனால் இங்கே நடந்ததைக் கேள்.

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் மறுபடி பதிய மறுத்தது. காலையில் ஒரு நெகட்டிவ் குரூப் பை பிரசவ வார்டுக்குப் போயிற்று. கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்பதால் சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில் எழுதினோம். மதியம் ஆள் மாறியது. ஆபரேஷன் அறையிலிருந்து போன். ஒரு பஸ் டிரைவர், விபத்து, அதே குரூப், எத்தனை பை இருக்கிறது என்று கேட்டார்கள். புதிதாக வந்த பெண் திரையைப் பார்த்தாள். இரண்டு என்றது திரை. இரண்டு என்று சொல்லிவிட்டாள். அவர்கள் அதை நம்பி ஆபரேஷனைத் தொடங்கிவிட்டார்கள். நான் ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஒன்றுதான் இருக்கிறது.

இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் பறந்து வந்து சேர்ந்தது. டிரைவர் பிழைத்துக்கொண்டார். அந்தப் பெண் கழிவறைக்குள் போய் அழுதாள். நான் திட்டவில்லை, திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவள் இடத்தில் நானும் திரையைத்தான் பார்த்திருப்பேன்.

நீயே சொல். உன் கட்சி எழுதுவதை நிறுத்தினால் கெடுதல் நிற்கும் என்றது. நிற்கவில்லையே. உன் இயந்திரம் பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அது பழைய உண்மையைச் சொன்னது. தான் சொல்வது பழசு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பளிச்சென்று, கலகலவென்று, எல்லாம் சரியாக இருப்பது போலவே இருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பெரிய டாக்டர் இனிமேல் காத்திருக்க மாட்டாராம். வருகிற வாரத்துக்குள் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். சீக்கிரம் எழுது.

உன் அத்தை


ஜூலை 17

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். கடிதம் கிடைத்த உடனே எழுதுகிறேன்.

தயவு செய்து சரி என்று சொல்லாதீர்கள். கணக்கு கெட்ட டிஸ்கில் தொடர்ந்து எழுதினால், ஒரு பையின் குரூப் இன்னொரு பையின் இடத்தில் போய் விழலாம். திரை அதையும் பளிச்சென்றுதான் காட்டும். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. எண்ணிக்கை தப்பினால் ஆம்புலன்ஸ் அனுப்பலாம். குரூப் தப்பினால் என்ன அனுப்புவீர்கள்?

மற்றதில் நீங்கள் சொல்வதுதான் நியாயம். எழுதாமல் இருந்தால் போதும், கெடுதல் அங்கேயே நின்றுவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். படிப்பவர் என்ன நினைப்பார் என்று நான் யோசித்ததே இல்லை, வெட்கமாக இருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் சும்மா நிற்பதில்லை, தவறு கண்டேன், எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்று கத்தத்தான் செய்கிறது. ஆனால் கத்துவது யாரும் திறந்து பார்க்காத ஒரு ஃபைலுக்குள். மேலே ஓடும் உங்கள் இரத்த வங்கி புரோகிராம் அதைக் கேட்பதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தலையணைக்குள் முகத்தை வைத்துக் கத்துவது போல.

அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 3

அன்பு மருமகளுக்கு,

நலம். முழங்கால் உட்பட நலம், ஏனென்றால் நான் ஒரு துப்பறிவாளர் ஆகிவிட்டேன்.

முதலில் தீர்ப்பைச் சொல்கிறேன். சரி என்று சொல்லவில்லை. பெரிய டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், வைத்துக்கொள்ளட்டும். டிஸ்கை நகல் எடுக்க வைத்தேன். திரையின் மேல் ஒரு அட்டை தொங்கவிட்டிருக்கிறோம். பதிய மறுத்த உடனே யார் அங்கே இருக்கிறார்களோ அவர்கள் அட்டையைத் திருப்ப வேண்டும். 'இது பழைய கணக்கு. பலகையைப் பார், ஃப்ரிட்ஜைத் திற' என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. எழுதியது அழுத அந்தப் பெண்தான்.

இனித் துப்பு. கம்ப்யூட்டர் எப்போது சண்டித்தனம் செய்கிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். பெரிய ஃப்ரிட்ஜின் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் மேஜை விளக்கு ஒரு கண் சிமிட்டுகிறது. கீழே குனிந்து பார்த்தால், மோட்டாரும் கம்ப்யூட்டரும் ஒரே பிளக்கில். மின்சாரம் ஒரு நொடி தடுக்கும்போது இது பாதி எழுதி பாதி விட்டிருக்கிறது. எலக்ட்ரீஷியன் தனி வயர் இழுத்து நடுவில் ஒரு யுபிஎஸ்ஸும் வைத்தார், புது டிஸ்க்கும் போட்டாயிற்று. அதற்குப் பிறகு அட்டையைத் திருப்பும் வேலையே வரவில்லை. ரீஸ்டார்ட் என்னை ஒருமாதிரியாகப் பார்க்கிறார்.

துப்பறியும் பழக்கம் வந்தால் சுலபத்தில் விடாது. அவன் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பின்னால் ரயில் சத்தம் கேட்கிறது. உங்கள் வீட்டுப் பக்கம் எப்போது ரயில் பாதை போட்டார்கள்? ஒவ்வொரு கடிதத்திலும் அவனைக் கேட்கிறேன், ஒவ்வொன்றிலும் நீ ஒரே வரியை எழுதுகிறாய். கேட்பது என் சுபாவம். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். சாப்பிடுகிறாயா? அதையாவது சொல்.

உன் அத்தை


செப்டம்பர் 12

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் சாப்பிடுகிறேன்.

கூட்டம் நேற்று முடிந்தது. உங்கள் பஸ் டிரைவரையும் வெள்ளைப் பலகையையும் அட்டையையும் சொன்னேன். சிடுமூஞ்சியே சும்மா உட்கார்ந்து கேட்டார். எழுதுவதை நிறுத்துவது அப்படியே இருக்கும். ஆனால் இனிமேல் மேலே ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் வலியச் சென்று சொல்ல வேண்டும், கணக்கு எதுவரை உண்மை என்ற நேரத்தோடு. தாடி, "ஆபரேட்டிங் சிஸ்டம் என்ன தண்டோரா போடற ஆளா?" என்றார். ஆமாம், போடட்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். விதியை என்னையே எழுதச் சொன்னார்கள். கடைசியாக எப்போது உண்மையாக இருந்தது என்று சொல்லாமல் பழையதைக் காட்டக் கூடாது என்று எழுதினேன்.

அதை எழுதிக் கொடுத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். வணக்கம் போட்ட உடனே கை தானாக 'நாங்கள் இருவரும் நலம்' என்று எழுதியது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இது வேறு தாள்.

அத்தை, அந்த வரி கடைசியாக உண்மையாக இருந்தது பிப்ரவரியில். உங்கள் மகன் அப்போது வேறு ஊரில் வேலை எடுத்துக்கொண்டு போனார். ரயில் சத்தம் அந்த ஊருடையது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்குக் கூட ஒருவரை ஒருவர் கவனிக்காமல் போய்விட்டோம். பிரிவு என்ற வார்த்தையை இருவருமே சொல்லவில்லை. ஜூலையில் வக்கீலைப் பார்த்தோம், அங்கே அந்த வக்கீல்தான் முதலில் சொன்னார். நான் இப்போது ஆபீஸுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறேன். தபால்பெட்டியின் பூட்டு நன்றாகத்தான் இருந்தது.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்ன அன்றே உங்கள் கடிதங்கள் நின்றுவிடும் என்று பயம். அவரை இழந்ததற்கு நான் இன்னும் சரியாக அழக்கூட இல்லை. உங்களை இழப்பதை நினைத்துப் பல தடவை அழுதுவிட்டேன். கீழே என்னவென்று கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை. காலியாக விடுகிறேன்.


அக்டோபர் 20

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது?

தினமும் ஆபீஸ் வாசலில் தபால்காரரைப் பார்க்கிறேன். இன்று அவரே "இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் எழுதாவிட்டால் எனக்குப் புரியும். நலமாக இருக்கிறீர்கள் என்று மட்டும் யார் மூலமாவது தெரிந்தால் போதும்.


நவம்பர் 2

அன்பு மருமகளுக்கு,

அத்தைதான் எழுதுகிறேன். நான் நலம் என்று எழுத வந்தேன். அது இன்று காலையிலிருந்துதான் உண்மை, அதற்கு முன்னால் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் தாடி சொல்கிற மாதிரி ஒரேயடியாக நின்றுவிட்டேன். வேலைக்குப் போனேன், வந்தேன், யாரோடும் பேச்சு இல்லை. கோபம். உன் மேல் இல்லை என்று சொன்னால் பொய். உன் மேலும்தான், அவன் மேலும்தான். ஞாயிறுக்கு ஞாயிறு இரண்டு பேருமாகச் சேர்ந்து எனக்குப் பழைய திரையைக் காட்டியிருக்கிறீர்கள். உன் இரண்டாவது கடிதம் வந்ததும் இன்னும் கோபம் வந்தது, என்னைப் பற்றி இவ்வளவு மட்டமாக நினைத்துவிட்டாளே என்று. கோபத்தில் எழுதினால் எழுதியது கெட்டுவிடும், அதனால்தான் எழுதவில்லை. உன்னை வாசலில் காக்க வைத்தது என் தப்பு.

நேற்று அவனைக் கூப்பிட்டேன். வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். ஏன்டா மறைத்தாய் என்றேன். பின்னால் ரயில் ஒன்று ஓடி முடிந்தது. அப்புறம் சொன்னான்:

"அம்மா, உனக்குத் தெரிஞ்சா நீ என் பக்கம் நின்னுடுவ. அப்புறம் அவளுக்கு லெட்டர் போட மாட்ட. நான் அங்க இருந்தப்போ, உன் லெட்டர் வந்தா அன்னிக்கெல்லாம் அவ சிரிச்சுக்கிட்டே இருப்பாம்மா. அதையும் நானே பிடுங்கணுமா?"

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அவன் நல்லவன்தான், நீயும் நல்லவள்தான், இருந்தும் இப்படி ஆயிற்று. அதற்கு யாரைப் போய்க் கேட்பது?

உங்களைச் சேர்த்து வைக்க நான் வரப்போவதில்லை, பயப்படாதே. என்ன கேட்கிறது என்று தெரியாமல் ஆமாம் ஆமாம் என்று அழுத்துகிற ஆள் நான் இல்லை. நீங்கள் இருவரும் யோசித்து முடிவு செய்ததை நான் மதிக்கிறேன், மனசு வலித்தாலும்.

கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டிருந்தாய். இரண்டு கடிதத்திலும் நானே பேனாவை எடுத்து 'உங்கள் மருமகள்' என்று எழுதி வைத்துவிட்டேன். அவன் உன்னை விட்டது அவன் சமாச்சாரம். நான் விட்டதாக யாரிடமும் சொல்லவில்லையே.

இரத்த வங்கியில் ஒரு வாரம் விடுப்புப் போட்டிருக்கிறேன். அவன் இருக்கிற ஊருக்கும் போகிறேன், பெற்றவள் போகாமல் இருக்க முடியாது. நீ இருக்கிற ஊருக்கும் வருகிறேன். இரண்டுக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்துவிட்டேன். முதல் டிக்கெட் உன் ஊருக்கு. அறையில் ஒரு கட்டில்தான் என்றால் எனக்குத் தரையில் பாய் போடு.

உன் அத்தை